பாரிஸில் நண்பர் வீட்டில் தங்கி நகரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

பாரிஸில் நண்பர் ஒருவர் இருந்தால், அந்த நகரைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி வேறில்லை. ஓட்டலில் தங்குபவருக்குக் கோபுரமும் அருங்காட்சியகமும் கிடைக்கும். நண்பர் வீட்டில் தங்குபவருக்கோ, காலை ஏழரை மணிக்குத் தெருமுனை ரொட்டிக் கடையில் சூடான பகெத் ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் பாரிஸும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் உங்களுக்கு விடுமுறையாக இருக்கும் வாரம் உங்கள் நண்பருக்கு வேலை வாரம் என்பதையும், இந்த நகரத்து வீடுகள் மிகச் சிறியவை என்பதையும் மறந்துவிடக்கூடாது. பல ஆண்டுகளாக ஊரிலிருந்து வருகிறவர்களைப் பாரிஸின் வடக்குப் புறநகரிலுள்ள எங்கள் வீட்டில் வரவேற்று வருபவன் என்ற முறையில் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: பகலை நகருக்குக் கொடுங்கள், மாலையை நண்பருக்குக் கொடுங்கள். மற்ற ஏற்பாடுகளை எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே செய்யலாம்.

முதல் வேலை விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் குறுகிய கால ஷெங்கன் விசா (பிரான்சு உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பெறவேண்டும். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசிப் பதினைந்து நாள் வரை தள்ளிப்போடக்கூடாது. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

நண்பர் வீட்டில் தங்குவதானால், ஓட்டல் முன்பதிவுக்குப் பதிலாக ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ எனப்படும் வரவேற்புச் சான்றிதழ் தேவை. இதை நீங்கள் பெற முடியாது. உங்கள் நண்பர்தான் தாம் வசிக்கும் பகுதியின் மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், நேரில் விண்ணப்பித்துப் பெறவேண்டும். அவருடைய அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டை, வீட்டு ஒப்பந்தம், வருமானச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வீட்டில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். 30 யூரோ முத்திரை வரி கட்டவேண்டும்; விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஒரே சான்றிதழில் அடங்குவர். உடன் வரும் அண்ணனுக்கோ மாமியாருக்கோ தனிச் சான்றிதழ் வேண்டும். மெரியில் நாள் குறித்துக்கொள்வதற்கே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், விமானச்சீட்டைப் பற்றி யோசிக்கும்போதே நண்பரிடம் பேசிவிடுவது நல்லது.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து, கடவுச்சீட்டில் விரிந்து தந்தை பெயராகக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஒருமுறை என் பள்ளித் தோழருக்காக விண்ணப்பித்தபோது, முப்பது ஆண்டுகளாக நான் அழைத்துவந்த பெயரையே குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டேன். கடவுச்சீட்டில் அது வேறு கட்டத்தில் இருந்தது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகே பிழை தெரிந்தது. மறுபடியும் நாள் வாங்கி, மறுபடியும் 30 யூரோ கட்டினேன். ஆகவே, கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்புங்கள். அதிலுள்ள எழுத்துகளை அதே வரிசையில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அசல் சான்றிதழைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருங்கள். பாரிஸ் விமான நிலையத்திலும் அதைக் கேட்கலாம்.

அடுத்தது, நண்பருக்கு என்ன கொண்டுபோவது என்ற கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக்கூடாது. எனவே அம்மா ஆசையோடு காய்ச்சிக் கொடுத்த நெய்யையும் ஊர்ப் பால்கோவாவையும் விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். பழம், காய், இலை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும் என்பதால் மாம்பழமும் கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பலருக்குத் தெரியாத நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மீன் பொருள்கள் 20 கிலோ வரை அனுமதிக்கப்படுகின்றன. கருவாட்டையும் மாசியையும் தாராளமாகக் கொண்டுவரலாம், நன்றாகக் கட்டி எடுத்துவந்தால் போதும். வீட்டில் திரித்த மிளகாய்த்தூளும், குழந்தைகளுக்குத் தமிழ்ப் புத்தகங்களும் எந்த வீட்டிலும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளப்படும்.

சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர, ஆர்.இ.ஆர். எனப்படும் புறநகர் ரயிலின் பி வரிசையே எளிய வழி. கார் து நோர் நிலையத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். விமான நிலையச் சீட்டு 2025இல் 13 யூரோ, நகருக்குள் மெட்ரோ சீட்டு 2.50 யூரோ, பேருந்து 2 யூரோ. ஆண்டுத் தொடக்கத்தில் இவை சற்று ஏறுவது வழக்கம். ஒரு வாரம் தங்குபவர்களுக்கு நவிகோ வாரச் சீட்டு மிகவும் இலாபகரமானது, 2025இல் 31.60 யூரோவுக்கு விமான நிலைய ரயிலும் அதில் அடக்கம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே செல்லும். வியாழனுக்குப் பிறகு நடப்பு வாரத்துக்கு வாங்க முடியாது. அதனால் விமானத்தைத் திங்களன்றோ செவ்வாயன்றோ வந்து இறங்குமாறு எடுப்பது புத்திசாலித்தனம். அதற்கான அட்டைக்குத் தனியாக 5 யூரோவும், மூன்று செண்டிமீட்டர் உயரமுள்ள சிறிய புகைப்படமும் வேண்டும். புகைப்படத்தை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். தனித்தனிச் சீட்டுகளை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈசி அட்டையானாலும் ஆளுக்கொன்று வேண்டும். ஒரே அட்டையைக் கணவர் தட்டிவிட்டு மனைவியிடம் நீட்டினால், பரிசோதகர் இருவரில் ஒருவருக்கு அபராதம் எழுதிவிடுவார்.

முகவரியை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பாரிஸ் நகரம் நடுவிலிருந்து நத்தை ஓடுபோலச் சுழன்று செல்லும் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; 75018 என்றால் பதினெட்டாம் வட்டாரம் என்று பொருள். கட்டடத்தின் தெருக்கதவில் எண் பூட்டு இருக்கும். உள்ளே இரண்டாவது கதவில் பெயர்ப் பலகையும் அழைப்புப் பொத்தானும் இருக்கும். ஆகவே தெருக்கதவின் எண், அழைப்புப் பலகையில் எழுதியிருக்கும் பெயர், மாடி, படியேறியதும் இடமா வலமா என்ற நான்கையும் நண்பரிடம் முன்னதாகவே கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பல வீடுகளின் பலகையில் முந்தைய குடியிருப்பாளரின் பெயரே இன்னும் இருக்கும். கைப்பேசி அணைந்துபோய், இரவு பதினொரு மணிக்குப் பெட்டிகளோடு வாசலில் நின்று, தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்த விருந்தினரை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் வந்த பிறகு கவனிக்கவேண்டியவை சிலவே. இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை ஓசை எழுப்புவது சட்டப்படியே குற்றம். பழைய கட்டடங்களில் மரத்தரை என்பதால், நீங்கள் பெட்டியை உருட்டுவது கீழ்வீட்டுக்காரருக்குத் தலைக்கு மேல் கேட்கும். நண்பரும் அவர் மனைவியும் வேலைக்குக் கிளம்பும் ஏழிலிருந்து எட்டரை வரை குளியலறையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். வாரத்தில் ஓரிரு நாள் இரவுச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இங்கே வேலை முடிந்து ரயிலில் நின்றபடி வீடு திரும்பும் ஒருவருக்கு, கதவைத் திறந்ததும் வரும் ரசத்தின் மணத்தைவிடப் பெரிய அன்பளிப்பை நான் அறியேன்.

பகல் நேரத் திட்டத்தை மூடும் நாட்களை வைத்துத் தொடங்குங்கள். லூவ்ர் அருங்காட்சியகமும் கிமே அருங்காட்சியகமும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகமும் நகராட்சி அருங்காட்சியகங்களும் திங்கள்கிழமை மூடியிருக்கும். நவீனக் கலைக்கான பொம்பிதூ மையம் புதுப்பிப்புக்காக 2025 முதல் பல ஆண்டுகளுக்கு மூடப்பட்டுள்ளது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு லூவ்ரின் நுழைவுக் கட்டணம் 2026 ஜனவரியில் 32 யூரோவாக உயர்ந்துவிட்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஓர்சே ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும் இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். பாரிஸின் வரலாற்றைச் சொல்லும் கர்னவாலே, ஓவியங்கள் நிறைந்த பெத்தி பலே ஆகிய இரண்டிலும் நிரந்தரக் காட்சிகள் எல்லா நாளும் இலவசம். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு லூவ்ரைவிட ஓர்சேயையே நான் பரிந்துரைப்பேன். 1900இல் ரயில் நிலையமாகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தின் பெரிய கடிகாரத்துக்குப் பின்னால் நின்று கண்ணாடி வழியே சேன் ஆற்றைப் பார்ப்பது மட்டுமே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும்.

1889இல் திறக்கப்பட்டு 330 மீட்டர் உயரம் நிற்கும் ஈபிள் கோபுரத்தில் ஏற விரும்பினால், இணையத்தில் வாரங்களுக்கு முன்பே சீட்டு எடுங்கள். முழங்கால் நன்றாக இருந்தால் 674 படிகளை ஏறி இரண்டாம் தளம் வரை போகலாம், செலவும் குறைவு. ஏறாதவர்கள் இருட்டிய பிறகு நண்பரோடு எதிர்க்கரையில் த்ரோகதெரோ மேடைக்குப் போங்கள். ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுவதும் மின்னும். ஜூனில் இருட்ட இரவு பத்து மணி தாண்டிவிடும், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டு. 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் கூரையை இழந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர் தாம் பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை. சுத்தம் செய்யப்பட்ட வெளிர் நிறக் கற்களைக் காண வார நாளின் காலை ஏற்றது. அங்கிருந்து, இந்நகரின் மிகப் பழைய பாலமான போன் நெஃப் வரை ஆற்றோரமாக நடந்து, மதில்மேல் பச்சைப் பெட்டிகளை வைத்துப் பழைய புத்தகம் விற்பவர்களைப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள்.

தமிழர்கள் தவறவிடக்கூடாதவை இரண்டு. ஒன்று, இயேனா சதுக்கத்திலுள்ள கிமே. ஆசியக் கலைகளுக்கான அந்த அருங்காட்சியகத்தில் பதினொன்றாம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராசர் செப்புத்திருமேனி நிற்கிறது. நம் கோயிலில் பட்டும் மாலையும் போர்த்தி, திரைக்குப் பின்னால் எண்ணெய் விளக்கொளியில் பார்த்த திருமேனியை, இங்கே எந்த மறைப்பும் இல்லாமல் நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்க்கலாம். பறக்கும் சடையும், முயலகன்மேல் ஊன்றிய பாதமும், பின்புறத்தில் முதுகின் வளைவும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். முதன்முறை பார்த்தபோது மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருசேர வந்து, நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

மற்றொன்று, கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் விரியும் லா சப்பல். 1980களில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. மரக்கறிக் கடை, நகைக்கடை, புடவைக்கடை, சிற்றுண்டிக் கடை எல்லாம் தமிழ்ப் பலகையோடு நிற்கும். ஊரில் விட்டுவந்த கறிவேப்பிலையை இங்கே வாங்கி நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அருகில், 1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் உள்ளது. கோடை முடியும் வேளையில் அதன் தேர்த் திருவிழா தெருவிலேயே நடக்கும், தார்ச்சாலையில் மலைபோல் தேங்காய் உடைபடும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உங்கள் பயணத்தைப் பொருத்த முடிந்தால் பொருத்துங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். உணவகங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் சாப்பாடு. அந்த நேரத்து நிர்ணய விலைச் சாப்பாடு இரவைவிட மலிவு. ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குடிநீர் இலவசமாகத் தருவார்கள். மெட்ரோவில் கைப்பையை முன்பக்கம் அணிந்துகொள்ளுங்கள். மோன்மார்த்ர் குன்றுப் படிகளில் கையில் நூல் கட்ட வருபவர்களிடம் கையை நீட்டாதீர்கள்.

கடைசியாக, நண்பர் தரும் வீட்டுச் சாவியைப் பற்றி. இங்குள்ள பல கதவுகளுக்கு வெளிப்புறத்தில் திருகும் பிடி கிடையாது. கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் திறக்க முடியாது. குப்பையைப் போட்டுவிட்டு வரலாம் என்று செருப்போடு இறங்கி, சாவியை உள்ளே விட்டுவிட்டால், பூட்டுத் திறப்பவருக்கு நூற்றுக்கணக்கில் யூரோ கொடுக்க நேரலாம். வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் படுக்கை விரிப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சாவியை மேசைமேல் விடாமல் நண்பரின் கையிலேயே கொடுங்கள்.