முதல் ஆய்வு நிதிநல்கைக்கு முன்மொழிவு எழுதும் முறை

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆய்வாளர்கள் பலர், ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் அறிவிப்பு வந்ததுமே இணையப் படிவத்தைத் திறந்து நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். (2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இவ்வமைப்பே, முன்பிருந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் பணிகளை இப்போது நடத்துகிறது.) படிவம் கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதலில் அறிவிப்பை முழுவதும் படித்து, வயது வரம்பு, பணித் தகுதி, கடைசி நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆய்வின் நோக்கத்தை எழுதுங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். "கடலோர நிலத்தடி நீரின் தரத்தை ஆராய்தல்" என்றால், எதைச் செய்தால் பணி முடிந்ததாகும் என்பது மதிப்பீட்டாளருக்கு விளங்காது. "நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் 40 கிணறுகளில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் குளோரைடு அளவையும் மின்கடத்துதிறனையும் மூன்றாண்டுகள் அளந்து, கடல்நீர் உட்புகுந்த தொலைவை வரைபடமாக்குதல்" என்றால் இடமும் அளவும் காலமும் விளைவும் ஒருங்கே தெரிந்துவிடும். ஐந்தாறு கிணறுகளிலாவது முன்கூட்டியே அளந்து அந்தத் தரவை இணைத்தால், இவரால் இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை பிறக்கும்.

கால அட்டவணையும் செலவுக் கணக்கும் அந்த நோக்க வாக்கியத்திலிருந்தே வர வேண்டும். 40 கிணறுகள், ஆண்டுக்கு இருமுறை, மூன்றாண்டுகள் என்றால் 240 மாதிரிகள்; வேதிப்பொருளுக்கும் வண்டி வாடகைக்கும் கேட்கும் தொகை இந்த எண்ணிக்கைக்குப் பொருந்த வேண்டும். நிதி நவம்பரில் கைக்கு வந்தால் மழைக்கு முந்தைய அளவீடு தவறிப்போகும் என்பதால், அதற்கான மாற்று ஏற்பாட்டையும், கிணற்று உரிமையாளர் மறுத்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுங்கள். இதை மறைப்பதால் முன்மொழிவு வலுப்பெறாது.

ஆய்வு உதவியாளர் ஊதியத்தில் தோராயம் கூடாது. 2023 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விகிதப்படி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவியாளர்) மாதம் 37,000 ரூபாய்; எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவியாளர்) 42,000 ரூபாய். ஒருவர் முதல் இரண்டு ஆண்டுகள் ஜே.ஆர்.எஃப். ஆகவும் மூன்றாம் ஆண்டு எஸ்.ஆர்.எஃப். ஆகவும் இருந்தால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 8,88,000, மூன்றாம் ஆண்டுக்கு 5,04,000, ஆக மொத்தம் 13,92,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. கருவி கேட்பதானால் விலைப்புள்ளி இணைத்து, பக்கத்துத் துறையில் இருக்கும் கருவி ஏன் போதாது என்றும் விளக்குங்கள்.

பிறகு, வேறு துறை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் தடுமாறும் இடங்களைத் திருத்துங்கள். நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்றுக்கான கோப்பைக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். கையொப்பம் கிடைத்ததும் படிவத்தைத் திறக்கலாம்.