சின்னக் கல்லூரி, 25 அணிகள்: விளையாட்டுக் கணக்கில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் டிவியில் பார்த்த லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியமும், கோடிகளில் சம்பளம் வாங்கும் கோச்சும்தான் நமக்கு ஞாபகம் வரும். அது வேறு உலகம். என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பில் இருக்கிற சுமார் 1,100 கல்லூரிகளில் 400க்கும் மேற்பட்டவை டிவிஷன் 3 என்ற கடைசி அடுக்கில் இருக்கின்றன, ஆயிரம் இரண்டாயிரம் பேர் படிக்கிற தனியார் கல்லூரிகள் அதில் ஏராளம். இங்கே விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் தரக் கூடாது. டிவி உரிமை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஆடுகிற பிள்ளைகளின் அப்பா அம்மா. அப்படியிருந்தும் இந்தக் கல்லூரிகள் 20, 25 அணிகளை வைத்துக் காப்பாற்றுகின்றன, புதிது புதிதாகச் சேர்க்கவும் செய்கின்றன. ஏன்?

ஃபீஸுக்காக. கோச் தேடிப் பிடித்துக் கூட்டிவரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அட்மிஷன். இதைப் புரிந்துகொள்ளாமல் பேசுவதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பில் என்.சி.ஏ.ஏ.வுக்கு வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் வருகிறதே, அதில் இவர்களுக்கும் பங்கு இருக்குமே என்று கேட்பார்கள். அமைப்பின் வருமானத்தில் டிவிஷன் 3க்கு என்று ஒதுக்கப்படுவது மொத்தமே 3.18 சதவீதம், அதிலும் பெரும்பகுதி சாம்பியன்ஷிப் போட்டிகளை நடத்தவே போய்விடும்.

அடுத்து, அரசாங்க அறிக்கையை அப்படியே நம்புவது. 1994 சட்டத்தின்படி ஒவ்வொரு கல்லூரியும் தன் விளையாட்டு வரவு செலவை வருஷா வருஷம் கல்வித் துறைக்குக் கொடுக்க வேண்டும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: செலவு 62 லட்சம், வரவும் சரியாக 62 லட்சம் என்கிற மாதிரியே கல்லூரி கல்லூரியாக இருக்கும். நஷ்டமே இல்லையே என்று நினைத்துவிடக் கூடாது. கல்லூரி தன் பொது நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்ததையும் வரவு என்று எழுதிக்கொள்ளலாம் என்பதால் இரண்டு பக்கமும் சமமாக வந்துவிடுகிறது. மாணவர்கள் படிப்புக்குக் கட்டிய ஃபீஸ் எவ்வளவு என்பது அந்த அறிக்கையில் விளையாட்டின் கணக்கில் வரவே வராது. ஆக, உண்மையான லாபமும் அதில் தெரியாது, உண்மையான நஷ்டமும் தெரியாது.

சரி, ஃபீஸைக் கணக்கில் சேர்த்துவிட்டால் போதுமா? அங்கேதான் இன்னும் பெரிய தவறு காத்திருக்கிறது. கால்பந்து (அமெரிக்கக் கால்பந்து, ஹெல்மெட் போட்டு ஆடுவது) அணி ஆரம்பிக்கலாம், 100 பையன்கள் வருவார்கள், ஆளுக்கு 45,000 டாலர் கட்டணம், ஆக வருஷத்துக்கு 45 லட்சம் என்று நிர்வாகக் குழுவில் யாராவது ஸ்லைடு போடுவார்கள். தனியார் கல்லூரியின் அறிவித்த கட்டணம் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஒட்டுகிற விலைச்சீட்டு மாதிரி, அந்த விலைக்கு அனேகமாக யாரும் வாங்குவதில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு இந்தக் கல்லூரிகள் கொடுக்கிற சராசரித் தள்ளுபடி இன்றைக்குப் பாதிக்கும் மேல். ஒரு பேச்சுக்குத் தள்ளுபடி போக 18,000 கையில் நிற்கிறது என்று வைத்தால் 45 லட்சம் 18 லட்சமாகிவிடும். அதிலிருந்துதான் தலைமைக் கோச், நாலைந்து உதவிக் கோச்சுகள், காயத்தைப் பார்க்கிற டிரெய்னர்கள், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட், பஸ் எல்லாம்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் போடுகிறவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். பயணிகள் பஸ் ஓட்டுநர் ஒரு ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. எதிரணிக் கல்லூரி நாலரை மணி நேர தூரத்தில் இருந்தால் போய்வர 9 மணி நேரம், ஒரு ஓட்டுநர் போதும். ஐந்தரை மணி நேரம் என்றால் 11 ஆகிவிடும்: இரண்டாவது ஓட்டுநர் வேண்டும், இல்லாவிட்டால் 60 ஆட்டக்காரர்களுக்கும் கோச்சுகளுக்கும் ஒரு ராத்திரி ஹோட்டல், மறுநாள் காலைச் சாப்பாடு. வரைபடத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ‘நல்ல பெயருள்ள’ கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டணி) என்று தூரத்துக் கல்லூரிகளோடு சேர்ந்துகொள்கிற நிர்வாகங்கள் இந்த ஒரு மணி நேரத்தை எல்லா அணிகளுக்கும், எல்லா வாரத்துக்கும் பெருக்கிப் பார்த்தார்களா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

செயற்கைப் புல்தரையும் அப்படித்தான். முன்னாள் மாணவர் யாரோ மைதானத்துக்கு நன்கொடை கொடுத்திருப்பார், பெயர்ப்பலகை திறப்பு விழா அமர்க்களமாக நடக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தரையை உரித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், லட்சக்கணக்கில் டாலர் வேண்டும். அதற்கு வருஷா வருஷம் ஒதுக்கி வைக்காத கல்லூரிதான் அதிகம், பழைய தரைக்கு இரண்டாம் முறை நன்கொடை கொடுக்க யாரும் வருவதில்லை.

அந்தப் பிள்ளை எப்படியும் வந்திருக்குமா?

என்னைக் கேட்டால் மொத்தக் கணக்கும் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. மிச்சிகனில் ஏட்ரியன் கல்லூரி என்று ஒன்று. 2005ல் ஜெஃப்ரி டாக்கிங் தலைவராக வந்தபோது ஆயிரத்துக்கும் குறைவான பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். பனி ஹாக்கி அரங்கம் கட்டினார், புதிய அணிகளைச் சேர்த்தார், ஒவ்வொரு கோச்சுக்கும் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தார், சில வருஷங்களில் எண்ணிக்கை ஏறக்குறைய இருமடங்கானது. அங்கே ஹாக்கி இல்லாவிட்டால் ஹாக்கிக்காக வந்த பையன் வேறு ஊருக்குப் போயிருப்பான். ஆகவே அவன் கட்டுகிற ஃபீஸ் ஹாக்கி கொண்டுவந்த பணம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அட்லாண்டாவில் இருக்கும் ஸ்பெல்மன் மகளிர் கல்லூரிக்கு அதே கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும். அங்கே சுமார் 2,100 மாணவிகளில் 80 பேர்தான் அணிகளில் ஆடினார்கள், அதற்கு வருஷம் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் செலவு. ஸ்பெல்மனுக்கு வருகிறவர்கள் ஸ்பெல்மனுக்காக வருகிறார்கள், வாலிபாலுக்காக இல்லை. 2013ல் என்.சி.ஏ.ஏ.வை விட்டே வெளியேறி, அந்தப் பணத்தை எல்லா மாணவிகளின் உடற்பயிற்சிக்கும் ஆரோக்கியத்துக்கும் திருப்பினார்கள்.

இன்னொரு முனையில் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரி. அங்கே இடத்துக்குத்தான் பஞ்சம், விண்ணப்பத்துக்கு இல்லை. 2000 டிசம்பரில் கால்பந்து அணியைக் கலைத்தார்கள், கூடவே மல்யுத்தமும் பெண்கள் பேட்மின்டனும் வர்சிட்டி, அதாவது கல்லூரியின் அதிகாரபூர்வ அணி என்ற அந்தஸ்தை இழந்தன (நம் ஆட்களுக்கு பேட்மின்டன் போனதுதான் வருத்தமாக இருக்கும்). காரணம் காசு இல்லை. அப்போது சுமார் 1,400 பேர் மட்டும் படித்த கல்லூரியில் எல்லா அணியையும் நிரப்ப வேண்டுமென்றால் அட்மிஷனில் பெரிய பங்கை ஆட்டக்காரர்களுக்கே ஒதுக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் ‘செலவைக் குறைக்க ஒரு அணியைக் கலைப்போம்’ என்பதும் பல இடங்களில் தப்புக் கணக்காக முடிகிறது. நீச்சல் அணிக்கு வருஷம் இரண்டரை லட்சம் செலவு என்று கலைத்தால், 30 நீச்சல்காரர்களில் பாதிப் பேர் வேறு கல்லூரிக்கு மாறிவிடுவார்கள். அவர்கள் ஆளுக்கு 18,000 கட்டிக்கொண்டிருந்தால் அதுவே 2,70,000. மிச்சம் பிடிக்கப் போய்க் கைக்காசு போனது.

முதல் வருஷத்தை வைத்து முடிவெடுப்பது

புது அணி ஆரம்பித்த வருஷம் ஆள் சேரும், அதில் ஆச்சரியமில்லை. கால்பந்து தொடங்கிய கல்லூரிகளை எடுத்துப் பார்த்த ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரம்பத்தில் சேர்க்கை எகிறுவதையும் அது நிலைக்காமல் போவதையும் 2024ல் எழுதியிருக்கிறார்கள். வாரம் முழுக்கப் பயிற்சி, சனிக்கிழமை ஓரத்தில் நின்று வேடிக்கை என்றால் இரண்டு வருஷத்தில் பையன் கிளம்பிவிடுவான். கோச்சுக்கு 50 பேரைச் சேர்க்க இலக்கு வைக்கிற நிர்வாகம், அதில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பதற்கு எந்த இலக்கும் வைப்பதில்லை. வைத்தால் கோச் வேறு மாதிரிப் பிள்ளைகளைத் தேடுவார்.

அப்புறம் டைட்டில் நைன். 1972ல் வந்த இந்தச் சட்டத்தின் கீழ் படிப்பில் மட்டுமல்ல, ஆடுகளத்திலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும். சட்டத்துக்கு உட்பட்டிருப்பதைக் காட்ட மூன்று வழிகள் உண்டு, எண்ணி நிரூபிக்க முடிவது மாணவர் விகிதமும் ஆட்டக்காரர் விகிதமும் ஒத்துப்போவது. ஆயிரம் பேரில் 580 பேர் பெண்கள் என்றால், கால்பந்து 100 பேரையும் சேர்த்து ஆண் ஆட்டக்காரர்கள் 250 ஆகும்போது பெண்கள் 345 பேர் ஆட வேண்டும். கையில் 150 பேர் இருந்தால் மீதி 195 பேருக்கு எத்தனை அணி, எத்தனை கோச், எத்தனை உடைமாற்றும் அறை என்று அந்த ஸ்லைடில் இருக்கவே இருக்காது. கில்லாடித்தனமாக எண்ணிக்கையைக் காட்டிவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. குவின்னிபியாக் பல்கலைக்கழகம் 2009ல் பெண்கள் வாலிபாலை நிறுத்த முடிவெடுத்து, சியர்லீடிங்கை விளையாட்டாகக் கணக்கில் காட்டியது, ஒரே ஓட்டக்காரியை மூன்று அணிகளில் எண்ணியது. 2010ல் நீதிமன்றம் சியர்லீடிங்கை ஏற்கவில்லை, ஓட்டக்காரிகளில் சிலரையும் எண்ணிக்கையிலிருந்து கழித்தது. வழக்கில் தோற்றது பல்கலைக்கழகம்.

மேல் அடுக்குக்கு ஏறினால் பெயர் வரும் என்கிற ஆசையைப் பற்றி நீட்டத் தேவையில்லை, ஏறினவர்களே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஹார்ட்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021 மார்ச்சில் முதல்முறையாக டிவிஷன் 1 கூடைப்பந்துப் பெரும் போட்டிக்குப் போனது, மே மாதமே டிவிஷன் 3க்கு இறங்க முடிவெடுத்தது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் 2025 மார்ச்சில் அதே போட்டியில் ஆடிய சில நாட்களில் அதே முடிவை அறிவித்தது. ஆட்டக்காரர்கள் பணம் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு 2025 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது; அதன் பிறகு பெரிய கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷமான 2025-26ல் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர், அந்த ஏலத்தில் செயின்ட் ஃபிரான்சிஸ் இருக்கிற லொரெட்டோ மாதிரி ஒரு சின்ன ஊர்க் கல்லூரி எதை வைத்துப் போட்டி போடும்?

இறங்குவதும் மருந்தல்ல. அலபாமாவின் பர்மிங்ஹம்-சதர்ன் கல்லூரி 2006ல் டிவிஷன் 1ஐ விட்டு இறங்க முடிவெடுத்து, 2007ல் கால்பந்தும் தொடங்கியது. ஆனால் கட்டடக் கடன் ஒரு பக்கம், 2010ல் வெளிவந்த நிதியுதவிக் கணக்குத் தவறு ஒரு பக்கம், கரைந்துகொண்டே போன நிரந்தர நிதி ஒரு பக்கம். 2024 மே 31ல் கல்லூரி மூடப்பட்டது. அன்றைக்கு அதன் பேஸ்பால் அணி ஒஹாயோவில் டிவிஷன் 3 உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. மைதானத்தில் ஜெயிக்கிற அணியைப் பார்த்துக் கல்லூரி நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிள்ளைக்குக் கோச்சிடமிருந்து மெயில் வந்தால்

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் டென்னிஸ், நீச்சல், ஓட்டம் என்று ஆடுகிற பிள்ளைகள் நிறைய. ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் வர்சிட்டி கிரிக்கெட் அணிகூட இருக்கிறது, அமெரிக்காவிலேயே அது ஒன்றுதான். டிவிஷன் 3 கோச் ‘நல்ல உதவித்தொகை ஏற்பாடு பண்ணலாம்’ என்றால் அது விளையாட்டுக்கானது இல்லை, மார்க்குக்கோ குடும்ப வருமானத்துக்கோ மற்ற மாணவர்களுக்கும் கிடைக்கிற அதே தள்ளுபடி. ஆட்டக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கப்படுகிறதா என்று என்.சி.ஏ.ஏ. சரிபார்க்கிறது. ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் சட்டப்படி இருக்க வேண்டிய நிகர விலைக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தின கோடையில் அட்மிஷன் அலுவலகத்திடம் ‘ப்ரீ-ரீட்’ (மார்க்கைப் பார்த்து இடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்வது) கேட்டு வாங்கித் தர முடியுமா என்று கோச்சிடம் கேளுங்கள். கல்லூரியின் வருமான வரிப் படிவம் 990 பொதுவில் கிடைக்கும், நாலைந்து வருஷத்தை வரிசையாக வைத்து, வரவைச் செலவு தொடர்ந்து தாண்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அதற்கெல்லாம் நேரமில்லை என்றால் அணியின் பக்கத்துக்குப் போய் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து, முதலாண்டில் எத்தனை பேர், நான்காம் ஆண்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதலாண்டில் 48, நான்காம் ஆண்டில் 9 என்று இருந்தால் மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று கோச்சிடம் மட்டும் கேட்டால் போதாது, கல்லூரியைப் பார்க்கப் போகிற அன்றைக்கு மூன்றாம் ஆண்டில் ஆடுகிற யாரையாவது தனியாகப் பிடித்துக் கேளுங்கள்.