மூக்கு எங்க நிக்குதுன்னு பாருங்க: புதுசா ஃப்ளையிங் சேர்றவங்களுக்கு

நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கத்துலேர்ந்து ஃப்ளையிங் ஸ்கூல் சேரப்போற பசங்க பொண்ணுங்க சில பேரு கேட்டீங்க, போறதுக்கு முன்னாடி என்ன படிக்கணும்னு. பிட்ச், ரோல், யா மூணையும் ஒப்பிக்கறத விட முக்கியம், ஏரோப்ளேன் மூக்கும் ரெக்கையும் அடிவானத்துக்கு எப்படி நிக்குதுன்னு கண்ணாலயே புடிக்கறது. ஆட்டிட்யூட்னா அவ்ளோ தான். மீட்டரு, நீங்க வெளிய பாத்தது சரியான்னு உறுதி பண்ண மட்டும்.

ஆனா அடிவானம் எதுன்னு முதல்ல தெரியணும். நம்ம பக்கம் எங்க திரும்புனாலும் மலை. ஓசூர்கிட்ட பேளகொண்டப்பள்ளி ரன்வே இருக்குல்ல, அங்கேர்ந்து கிளம்பி தேன்கனிக்கோட்டை தாண்டி மேலகிரி பக்கமா தாழ பறந்து போறீங்கன்னு வெச்சுக்கோங்க, மலை உச்சிய அடிவானம்னு நெனச்சு மூக்க அதுக்கேத்த மாதிரி வெச்சீங்கன்னா உங்களுக்கே தெரியாம மூக்கு தூக்கிட்டு இருக்கும், ஸ்பீடு மெல்ல எறங்கும். மலையே இல்லாட்டி வானமும் தரையும் எங்க சேருமோ, அங்க மனசுல ஒரு கோடு போட்டுக்கோங்க, தூரத்து மலைன்னா அது பெரும்பாலும் அடிவாரத்துகிட்ட வரும்.

கண்ட்ரோல் சுருக்கமா. ஸ்டிக்க முன்ன பின்ன தள்ளுனா எலிவேட்டர், மூக்கு எறங்கும் ஏறும், அது பிட்ச். இடம் வலம் சாச்சா எயிலரான், ரெக்கை சாயும், அது ரோல். கால்ல ரட்டர், மூக்கு பக்கவாட்டுல போகும், அது யா. இந்த மூணும் ப்ளேனோட ஒடம்ப வெச்சு, தரைய வெச்சு இல்ல. நல்லா சாஞ்சு நிக்கும்போது ஸ்டிக்க இழுத்தா மூக்கு வானத்துக்கு மட்டும் போகாது, அடிவானத்த ஒட்டியும் நகரும்.

திரும்பறதே அதனால தான். ரட்டர் தான் திருப்புதுன்னு நெறய பேரு நெனக்கறாங்க, கிடையாது, தொப்பூர் கணவாய்ல பைக்க சாச்சு வளைக்கற மாதிரி தான் இதுவும், ரெக்கை சாயும்போது லிஃப்டோட (ரெக்கை ப்ளேன தூக்கற விசை) ஒரு பங்கு பக்கவாட்டுல இழுத்து திருப்புது. அப்ப மேல தூக்கற பங்கு குறையுது, அதுக்கு தான் ஸ்டிக்க கொஞ்சம் பின்னால இழுக்கறோம். 30 டிகிரி பேங்க்ல (பேங்க்னா ரெக்கை சாஞ்சிருக்கற கோணம்) லோடு 1.15 ஜி தான், அதாவது ரெக்கை தாங்கற பாரம் ப்ளேன் எடைல 1.15 மடங்கு, ஆனா உயரம் மாறாம 60 டிகிரில சுத்துனா 2 ஜி, ஸ்டால் ஸ்பீடும் (அதுக்கு கீழ போனா ரெக்கையால ப்ளேன தாங்க முடியாது) சுமார் 41 சதவீதம் ஏறிடும். அப்ப ரட்டர் எதுக்குன்னா, வலது பக்கம் சாய்க்கும்போது மேல போற இடது ரெக்கைல டிராக் (காத்து பின்னால இழுக்கறது) ஜாஸ்தி, மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், அத தடுக்க வலது ரட்டர். மீட்டர்ல சின்ன குண்டு ஒண்ணு இருக்கும், பால்னு சொல்லுவாங்க, அது நடுவுல நிக்குதான்னு ஒரு பார்வை போதும். நேராகறதுக்கு, பேங்க் எத்தன டிகிரியோ அதுல பாதி டிகிரி முன்னாடியே ஆரம்பிங்க, 30 பேங்க்ல வலது பக்கம் சுத்தி திசைகாட்டில 090க்கு (கிழக்கு) வரணும்னா 075லயே.

ஏறும்போது பவர், ஆட்டிட்யூட், டிரிம் (ஸ்டிக்க புடிக்கற அழுத்தத்த எடுத்துடற சக்கரம்), இதே வரிசை. த்ராட்டில் கூட்டுனதும் மூக்கு இடது பக்கம் இழுக்கும் (பெரும்பாலான ட்ரெய்னர்ல), வலது கால் தயாரா இருக்கணும். ஓசூர் தரையே கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 3000 அடி, சித்திரை வெயிலும் சேந்தா இன்ஜின் சென்னைல இழுக்கற மாதிரி இழுக்காது, ஏற மாட்டேங்குதேன்னு மூக்க மட்டும் தூக்காதீங்க, ஸ்டால்ல தான் போய் நிப்பீங்க. லெவல் ஆகறப்ப வரிசை மாறும், ஆட்டிட்யூட், அப்புறம் பவர், அப்புறம் டிரிம். நிமிஷத்துக்கு 500 அடி ஏறிட்டு இருந்தா 50 அடி முன்னாடியே மூக்க எறக்க ஆரம்பிங்க, ஸ்பீடு வந்தப்புறம் தான் பவர குறைக்கணும். எறங்கறதுக்கு திரும்பவும் பவர் முதல்ல.

டிரிம் பத்தி எல்லாரும் அசால்ட்டா இருக்காங்க. ஸ்டிக்க இறுக்கி புடிச்சிட்டு பறந்தா அரை மணி நேரத்துல கை வலி, அதோட ப்ளேன் என்ன சொல்லுதுன்னும் கைக்கு தெரியாது. முதல்ல ஆட்டிட்யூட்ட புடிங்க, அப்புறம் கைல அழுத்தம் போற வரைக்கும் டிரிம் சுத்துங்க, டிரிம்ம வெச்சு மூக்க நகத்தாதீங்க. ரெண்டு விரல்ல புடிச்சு பாருங்க, மூக்கு நகந்தா இன்னும் டிரிம் ஆகலன்னு அர்த்தம்.