கனடாவுக்குத் துணையுடன் புறப்படுமுன்: நிரந்தர வதிவுரிமை பற்றிச் சில விளக்கங்கள்

கனடாவுக்கு வர நினைக்கும் இளம் தம்பதியர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஒருவர் முன்னால் வந்துவிட்டு, மற்றவரைப் பிறகு அழைத்துக்கொள்ளலாமா?" என்பதுதான். சட்டப்படி அதற்கும் வழி உண்டு. ஆனாலும், இருவரும் நிரந்தர வதிவுரிமையோடு ஒன்றாக வந்திறங்க வாய்ப்பு இருக்குமானால், அதற்காக ஊரில் பார்க்கும் வேலையை விடாமல் இன்னும் ஓராண்டு காத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஒருவர் மாணவராகவோ தற்காலிகத் தொழிலாளராகவோ வரும்போது, உடன் வரும் துணையின் நிலை முழுவதும் அந்த ஒரே அனுமதியைச் சார்ந்தே இருக்கிறது. 2025 ஜனவரி 21 முதல், துணைக்குத் தரப்படும் திறந்த வேலை அனுமதி (எந்த முதலாளியிடமும் வேலை செய்யத் தரும் அனுமதி) வெகுவாகச் சுருக்கப்பட்டுவிட்டது. மாணவர்களில் முனைவர் பட்டம், 16 மாதங்களுக்குக் குறையாத முதுகலைப் படிப்பு, குறிப்பிட்ட சில தொழில்சார் படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவர்களின் துணைக்கு மட்டுமே அது கிடைக்கும். வேலைக்கு வருபவர்களிலும் உயர்திறன் பணிகளிலும் தெரிவு செய்யப்பட்ட சில பணிகளிலும் இருப்பவர்களின் துணைக்கே அந்த வாய்ப்பு. கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ எட்டு ஆண்டுகள் சம்பாதித்த ஒரு பெண், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறையில், வேலைக்குப் போக அனுமதியின்றி ஒரு பனிக்காலம் முழுவதையும் கழிப்பது குடும்பத்துக்குப் பணத்தால் மட்டும் வரும் இழப்பு அல்ல. நிரந்தர வதிவுரிமை இருந்தால், இருவரும் தத்தம் பெயரிலேயே விரும்பிய முதலாளியிடம் வேலை செய்யலாம். படிக்க நினைத்தால் வெளிநாட்டு மாணவர்களுக்கான பெருங்கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை.

குடியுரிமையைப் பொறுத்தவரை, அது புறப்படுமுன் பெறக்கூடியது அன்று. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். இந்தியக் குடிமக்கள் கனடியக் குடியுரிமை பெறும்போது இந்தியக் குடியுரிமையை இழக்க நேரும் என்பதையும், இலங்கையர் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிக்கலாம் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்திருங்கள்; ஆனால் அது பிற்காலக் கவலை.

நிரந்தர வதிவுரிமைக்குத் திறன்மிக்க தொழிலாளர் பலரும் வரும் வழி, 2015 முதல் நடைமுறையில் உள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி; வயது, கல்வி, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தந்து, கூடுதல் பெற்றவர்களை விண்ணப்பிக்க அழைக்கும் முறை இது. இதில் தம்பதியர் செய்யும் பெரிய தவறு, கணவர்தான் முதன்மை விண்ணப்பதாரர் என்று யோசிக்காமலேயே முடிவு செய்வது. ஒரு கணக்கைப் பாருங்கள். கணவருக்கு வயது 34, இளங்கலைப் பட்டம், ஆங்கிலத்தில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கு திறன்களிலும் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 8, ஊரில் ஏழு ஆண்டு அனுபவம். மனைவிக்கு வயது 29, முதுகலைப் பட்டம், நான்கிலும் சிஎல்பி 9, மூன்று ஆண்டு அனுபவம். கணவர் முதன்மை விண்ணப்பதாரரானால் இந்தக் குடும்பத்தின் மதிப்பெண் 343. மனைவி முதன்மை விண்ணப்பதாரரானால் 462. அதே இருவர், அதே சான்றிதழ்கள். வித்தியாசம் 119 மதிப்பெண்கள். வயதுக்கான மதிப்பெண் 30-இலிருந்து ஆண்டுதோறும் குறைவதும், சிஎல்பி 9-ஐத் தொடும்போது கல்விக்கும் அனுபவத்துக்கும் சேரும் கூடுதல் மதிப்பெண்கள் இரட்டிப்பாவதும்தான் காரணம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பொதுப் பயிற்சிப் பிரிவில் சிஎல்பி 9 நிலைக்குக் கேட்டலில் 8-உம், மற்ற மூன்றிலும் 7-உம் வேண்டும். எழுத்தில் 6.5 பெற்று நின்றுவிடுபவர்கள் மறுபடியும் எழுதத் தயங்கவே கூடாது. அந்த அரைப் புள்ளிக்கு வேறு எதுவும் எளிதில் ஈடாகாது. 462 கூடப் போதாமல் போகலாம். அப்போது மாகாண நியமனம், அதாவது கனடாவின் ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைப்பது, 600 மதிப்பெண்களைச் சேர்க்கும். நன்றாகப் பிரெஞ்சு கற்றவர்களுக்குத் தனி அழைப்புகளும் உண்டு. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த மதிப்பெண்கள் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன. ஆகவே, மதிப்பெண்ணுக்காகக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, துணையை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது என்பது. உடன் வராத துணையையும் குறிப்பிட வேண்டும். அவரும் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறிப்பிடப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடுபட்ட துணையைப் பிற்பாடு குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்ய (குடும்ப உறவின் பேரில் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள) முடியாது என்று விதி சொல்கிறது. எனக்குத் தெரிந்த திருச்சி இளைஞர் ஒருவர் தனி ஆளாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றார். புறப்பட இரண்டு மாதம் இருக்கையில், கல்யாணத்தை ஊர்கூட்டிப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று, பதிவுத் திருமணம் மட்டும் முடித்தார். விமான நிலையத்தில் அதிகாரி குடும்ப நிலையில் மாற்றம் உண்டா என்று கேட்டபோது, தாலி கட்டவில்லையே என்ற எண்ணத்தில் இல்லை என்றார். சட்டத்தின் பார்வையில் அவர் அன்று மணமானவர். மனைவிக்காகப் பின்னர் அவர் அனுப்பிய ஸ்பான்சர் விண்ணப்பம் அந்த ஒரு பதிலால் நிராகரிக்கப்பட்டது. விண்ணப்பம் அனுப்பியபின் திருமணம் நடந்தால், பயணத்தை நிறுத்திவைத்து, மாற்றத்தை எழுத்து மூலம் தெரிவித்து, துணையைக் கோப்பில் சேர்த்த பிறகே புறப்படுங்கள். பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்தாண்டுத் தடையும் வரலாம்.

ஆவணங்களில் நம்மவர்களை அலைக்கழிப்பது பெயர்தான். பட்டச் சான்றிதழில் "கே. மீனாட்சி", கடவுச்சீட்டில் தந்தை பெயரோடு விரிந்த மீனாட்சி, திருமணச் சான்றிதழில் கணவர் பெயரோடு மீனாட்சி என்று மூன்று விதமாக இருந்தால், மூவரும் ஒருவரே என்பதற்கு நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயாரித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். கோயில் ரசீதும் அழைப்பிதழும் பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகா. அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பத்துக்கு 60 நாட்களே தரப்படுவதால், இருவரின் காவல்துறைச் சான்றிதழ்களையும் வங்கிக் கடிதங்களையும் அதற்கு முன்பே தேடத் தொடங்க வேண்டும்.

ஒப்புதல் வந்தபின், முதன்மை விண்ணப்பதாரருக்கு முன்பாகத் துணை தனியே வந்திறங்க முடியாது. ஒன்றாகவோ, அவருக்குப் பின்னரோதான் வரலாம். ஒருமுறை இறங்கிவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர்கள், ஒவ்வொருவரும் 5 ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருந்தாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது; கணவர் இங்கே இருந்த நாட்கள் மனைவியின் கணக்கில் சேரா. வந்திறங்கும் அன்று இருவரின் நிரந்தர வதிவுரிமை உறுதிப்படுத்தல் கடிதங்களையும் திருமணச் சான்றிதழையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். நிரந்தர வதிவுரிமை அட்டை கனடா முகவரிக்குத்தான் தபாலில் வரும் என்பதால், தங்கப்போகும் வீட்டின் எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி, அதையும் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.