கிங்ஸ் ஆஃப் வார்: கைகலப்பில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிங்ஸ் ஆஃப் வார் என்பது பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. இதைப் புதிதாக ஆடுபவர்கள் தோற்றதும் முதலில் பகடையைத்தான் திட்டுவார்கள். பாவம் பகடை. யார் ஓடப்போகிறார்கள் என்பது பெரும்பாலும் படையை நகர்த்தும்போதே முடிவாகிவிடும்.

முதல் தவறு, தூரம் எட்டுகிறதே என்று நேருக்கு நேர் சார்ஜ் செய்வது, அதாவது பாய்ந்து போய் மோதுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் காலாட்படை ரெஜிமென்ட்டுக்கு (ஒன்றாக நகரும் படைப்பிரிவு) 12 தாக்குதல், அதாவது 12 பகடை. 4+ (4 அல்லது அதற்கு மேல்) விழுந்தால் அடி, மறுபடி 4+ விழுந்தால் சேதம் என்றால் சராசரியாக 3 சேதம்தான் தேறும். எதிரியின் நெர்வ் (ஓடாமல் தாக்குப்பிடிக்கும் உறுதி) 15 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பகடை உருட்டி, சேதத்தையும் கூட்டி 15 வந்தால்தான் அவர்கள் ஓடுவார்கள். இரண்டிலும் 6 விழ வேண்டும். 36க்கு ஒரே ஒரு வாய்ப்பு. இதில் பொம்மைகள் ஒவ்வொன்றாகச் சாவதில்லை. ரெஜிமென்ட் முழுசாக நிற்கும், இல்லை முழுசாக ஓடும். ஓடாவிட்டால், பெரும்பாலும் அடுத்த முறை குறையாத பலத்தோடு திருப்பி அடிக்கும்.

அதே ரெஜிமென்ட் பக்கவாட்டில் புகுந்தால் தாக்குதல் இரட்டிப்பு, முதுகுப்புறம் என்றால் மூன்று மடங்கு. முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு ரெஜிமென்ட்டுகள் சேர்ந்து இறங்கினால் சராசரி 9 சேதம். பகடையில் 6 வந்தாலே போதும். வாய்ப்பு 36க்கு 26. ஆளுக்கொரு எதிரி என்று பிரித்துவிடும் ஆட்டக்காரர் இதைத்தான் கோட்டைவிடுகிறார்.

பக்கவாட்டு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சார்ஜ் தொடங்கும்போது உங்கள் முன்வரிசையின் நடுப்புள்ளி எதிரியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பாதிப் படை பக்கவாட்டில் நின்றாலும், அந்தப் புள்ளி முன்பக்கத்தில் இருந்தால் முன்பக்கத்தில்தான் மோத முடியும்.

அடுத்து, டேப்பை எடுக்காமல் முன்னேறுவது. எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம், விதியே அனுமதிக்கிறது. வேகத்தைப் போல இரு மடங்கு தூரம் சார்ஜ் போகலாம். வேகம் 4 உள்ள குள்ளர் காலாட்படைக்கு 8 அங்குலம், வேகம் 5 உள்ள மனிதர்களுக்கு 10. குள்ளர்கள் 9 அங்குலத்தில் போய் நின்றால் முதல் அடி எதிராளிக்கு இலவசம். ஒன்று, 10க்கு வெளியே நில்லுங்கள். அல்லது மலிவான சின்னப் படை ஒன்றைப் பலிகடாவாக முன்னால் விடுங்கள். அதை அடிக்க எதிரி நெருங்கி வந்ததும், உங்கள் 8 அங்குலத்துக்குள் அகப்படுவான்.

வேலி, காடு வழியாகச் சார்ஜ் செய்தால் அடிப்பதில் ஒரு புள்ளி குறையும். 4+ என்பது 5+ ஆகிவிடும். வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக, எதிரியை ஓட்டிய பிறகு எங்கே நிற்பீர்கள் என்று யோசிக்காமல் பாய்வது. ஜெயித்த படை அங்கேயே திரும்பி நிற்கலாம், அல்லது ஒரு பகடை காட்டும் அங்குலம் முன்னேறலாம். எதிராளியிடம் மிச்சமிருக்கும் குதிரைப்படையின் வேகம் 8 என்றால் அது 16 அங்குலம் பாயும். ஆகவே சார்ஜ் செய்யும் முன் அந்தக் குதிரைகளிலிருந்தும் ஒருமுறை டேப்பை நீட்டிப் பாருங்கள்.