மகனுக்குப் பேச்சு வந்த விதம்

மகனுக்கு இரண்டரை வயதாகியும் ‘அம்மா’வைத் தவிர ஒரு சொல்லும் வரவில்லை. ‘ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்’ என்று அம்மம்மா சொன்னதை நம்பி ஆறு மாதம் இருந்துவிட்டேன், அது இன்னும் மனதை அரிக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையில் முதலில் காதைத்தான் சோதித்தார்கள்; காது கேளாவிட்டால் சொல் எப்படி வரும்? காது சரி. பிறகு பேச்சுச் சிகிச்சையாளர் சொன்னார்: அவன் கேட்குமுன் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள், கறுத்தக்கொழும்பான் மாம்பழமா வாழைப்பழமா என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள், ‘பழம்’ என்றால் ‘மஞ்சள் பழம்’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள், ‘சொல்லு, சொல்லு’ என்று நெருக்கவே வேண்டாம். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கைபேசியையும் நிறுத்தினோம். மூன்றாம் மாதம் கிணற்றடியில் குளிக்கும்போது வாளியைக் காட்டி ‘இன்னும் தண்ணி’ என்றான்.