போர்ட் லூயித் துறைமுகத்தின் பழைய கிடங்குகளைப் பார்த்துப் படிப்பது எப்படி

கிடங்கு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் அகழி என்றும் பள்ளம் என்றும் பொருள். சரக்கு வைக்கும் கட்டடத்துக்கு அந்தப் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால், சர்க்கரையும் அரிசியும் ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால், கடலோரக் கிடங்கின் தரையைப் பள்ளமாக விடாமல் மேடாக்கிக் கட்டுவதே வழக்கம். மொரிசியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயியின் துறைமுகத்தில் மிஞ்சியிருக்கும் கல் கிடங்குகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும், தாமாகவே பார்த்துவர நினைப்பவர்களுக்கும், அவற்றை எந்த வரிசையில் பார்த்தால் விளங்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். அரை நாள் போதும். ஐந்து மீட்டர் அளவு நாடா, கைவிளக்கு, குறிப்பேடு, தொப்பி, தண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலை படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிளம்புவதற்கு முன் மூன்று ஆண்டுகளை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த மஹே த லா பூர்தொன்னே இந்த இடத்தைத் துறைமுக நகரமாக்கினார். தென்கிழக்குக் காற்றை மலைகள் மறைத்து நிற்க, வடமேற்கே திறந்திருக்கும் குடா கப்பல்களுக்கு வசதியாக அமைந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1746-இல், இங்கிருந்து கப்பற்படையுடன் வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் அவரே என்பதால் நம் சரித்திரத்துக்கும் அவர் அந்நியர் அல்லர். கட்டட வேலைக்காகப் புதுச்சேரியிலிருந்து அவர் வரவழைத்த கைவினைஞரில் தமிழர்கள் இருந்தார்கள். இரண்டாவது ஆண்டு 1825: அதற்குள் பிரிட்டிஷ் வசமாகியிருந்த மொரிசியஸின் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கும் பிரிட்டன் ஒரே சுங்கவரி விதித்தது. அதன் பிறகு கரும்புத் தோட்டங்கள் பெருகின. பெருகிய சர்க்கரையை வைக்கத் துறைமுகத்தில் கிடங்குகளும் தேவைப்பட்டன. மூன்றாவது 1980: சர்க்கரையை மூட்டை கட்டாமல் மொத்தமாகவே கப்பலில் கொட்டும் முனையம் திறக்கப்பட்டது. மூட்டை கட்டும் வேலை நின்றதும் கிடங்குகளின் வேலையும் போயிற்று.

நடையை வடக்கிலிருந்து, அதாவது த்ரூ ஃபான்ஃபரோன் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் அங்கேதான் இருக்கிறது. குடியேற்றக் கிடங்கு என்ற பொருள்படும் பெயருடன் 1849-இல் அது இயங்கத் தொடங்கியது. மனிதர்களை வைத்த இடத்துக்கும் சரக்கு வைத்த இடத்துக்கும் அன்றைய அதிகாரிகள் ஒரே வகைச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு அந்த வாசலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பரப்பு 1,640 சதுர மீட்டர்தான். 1865-இல் இருந்ததில் பாதிகூட இல்லை. அதை ஒட்டிய பழைய கல் கிடங்கு ஒன்றில் 2014-இல் விளக்க மையம் திறக்கப்பட்டது. கிடங்கின் உட்புறத்தைச் சிரமமில்லாமல் பார்க்க வேண்டுமானால், காட்சிப் பொருள்களைப் பார்த்து முடித்த பிறகு அங்கேயே சற்று நின்று, தலையை உயர்த்திக் கூரையையும் சுவரையும் பாருங்கள். பெரும்பாலோர் அதைச் செய்யாமலே வெளியேறிவிடுகிறார்கள்.

எந்தக் கிடங்காக இருந்தாலும் முதலில் சுவரிடம் போக வேண்டும். வாசலுக்கு மேலே இருக்கும் பெயர்ப்பலகையும் அதில் எழுதிய ஆண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. இது தமிழ்நாட்டுக் கோயில்களில் நாம் பார்க்கும் கருங்கல் அல்ல. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட். கிட்டப்போய்ப் பார்த்தால் தோசையில் வரும் பொத்தல்களைப் போலச் சிறு குழிகள் தெரியும். குழம்பிலிருந்த வாயு வெளியேறிய தடம் அது. அடுத்து, கல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சுவர் முழுவதும் உளியால் சதுரித்த கல்லா, அல்லது மூலைகளிலும் கதவு சன்னல் ஓரங்களிலும் மட்டும் சதுரித்த கல்லை வைத்து நடுவில் ஒழுங்கற்ற கல்லை நிரப்பியிருக்கிறார்களா? முதல் வகைக்குச் செலவு அதிகம். தெருவைப் பார்த்த முகப்பை முதல் வகையிலும் பின்சுவரை இரண்டாம் வகையிலும் கட்டியிருந்தால், கட்டியவரின் பணப்பெட்டி எவ்வளவு கனமாக இருந்தது என்பதைச் சுவரே சொல்லிவிடும்.

கல்லைவிட முக்கியமானது கற்களுக்கு இடையிலுள்ள சாந்து. தீவைச் சுற்றியுள்ள பவழப் பாறையைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். பழைய சாந்தில் வெள்ளைப் புள்ளிகளும் சில இடங்களில் கிளிஞ்சல் துண்டுகளும் தெரிவது அதனால்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பில் வேலை செய்து பழகிய நம் ஊர்க் கொத்தனாருக்கு இது ஒரே பார்வையில் புரியும். சாம்பல் நிறத்தில், கெட்டியாக, கல்லின் மேலேயும் வழிந்து பூசியிருந்தால் அது பிற்காலச் சிமெண்ட். பசால்ட் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. எனவே சுவருக்குள் நுழைந்த ஈரம் சுண்ணாம்புச் சாந்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழியைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், கடற்காற்று கொண்டுவந்த உப்பு உள்ளேயே படிகமாகிப் பூச்சைத் தள்ளிக்கொண்டு உதிர்க்கும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை மாவு பூத்தது போலத் தெரியும் இடங்களில் விரலால் தொட்டுப் பாருங்கள். கத்தியால் சுரண்டக் கூடாது. கீழே உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தாலே போதும். பாரம்பரியக் கட்டடங்களுக்கு நேரும் கேட்டில் பெரும் பங்கு அக்கறையோடு செய்த தவறான பழுதுபார்ப்பால் வருகிறது என்பது என் எண்ணம்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கும். வடசுவர் காய்ந்திருக்கும், தென்சுவரில் பாசி படியும். தமிழ்நாட்டில் அச்சான கட்டடக் குறிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தோன்றும். உளித்தடம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். கடலைப் பார்த்த முகப்புகளுக்கு அது பிற்பகலில் வாய்க்கும்.

அடுத்து வாசல்கள். கிடங்கில் சன்னல்கள் குறைவாகவும் உயரத்திலும் இருக்கும். காற்று வர வேண்டும், திருடன் வரக் கூடாது. கதவுகள் மட்டும் அகலமாக இருக்கும். வாசலின் அகலத்தையும் சுவரின் கனத்தையும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குனிந்து வாசற்படியைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கிடங்கின் படியில் இரண்டு குழிந்த தடங்களைக் கண்டு, மூட்டை சுமந்தவர்களின் வெறுங்கால் தேய்த்த தடம் என்று மாணவர்களிடம் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சிரித்தபடி திருத்தினார்: “கால் பட்டு இந்தக் கல் தேயுமா மிஸ்ஸே? தள்ளுவண்டியின் இரும்புச் சக்கரம் செய்த வேலை அது.” இரண்டு தடங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்த்தோம், படியின் இரு முனைகளிலும் அது ஒரே அளவாக இருந்தது. மனிதனின் காலடி அவ்வளவு ஒழுங்காகப் போகாது. அன்றிலிருந்து தேய்மானத்தைக் கண்டால் முதலில் அளக்கிறேன், பிறகுதான் பேசுகிறேன்.

அவரே இன்னொன்றையும் சொன்னார். முன்பெல்லாம் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்காமல் குடாவின் நடுவில் நங்கூரமிட்டிருக்கும். கிடங்கிலிருந்து மூட்டைகளைத் தட்டையான பாரப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். கிரியோலில் அதைச் சலான் என்கிறார்கள். சோழமண்டலக் கரையில் சலங்கு என்ற படகு செய்த வேலைதான் அது. ஆகவே ஒரு கிடங்குக்குத் தண்ணீர்ப் பக்கம் ஒரு வாசலும் தெருப் பக்கம் ஒரு வாசலும் இருந்திருக்க வேண்டும். 1864-இல் வடக்குப் பாதை திறக்கப்பட்டுத் தீவுக்கு ரயில் வந்தபின், தோட்டத்துச் சர்க்கரை ரயிலில் துறைமுகத்துக்கு வரத் தொடங்கியது. ரயில் 1964-இல் முற்றிலும் நின்றுபோயிற்று. தண்ணீர்ப் பக்கத்து வாசல் இன்று சாலையையோ வாகன நிறுத்தத்தையோ பார்த்திருந்தால், கரை நிரப்பப்பட்டுக் கடல் தள்ளிப்போயிருக்கிறது என்று பொருள். பழைய துறைமுக வரைபடம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இது உடனே தெளியும்.

கூரைக்குப் புயல்தான் இலக்கணம் வகுத்தது. 1892 ஏப்ரல் 29-ஆம் நாள் அடித்த புயலில் போர்ட் லூயியின் பெரும்பகுதி நொறுங்கியது. தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று நாம் பார்க்கும் நெளிதகரக் கூரை கிடங்கின் முதல் கூரையாக இல்லாமல் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். கைமரமும் உத்திரமும் சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டுள்ளன என்று கைவிளக்கால் பாருங்கள். சுவரின் வெளிப்புறத்தில் வட்டமாகவோ பெருக்கல் குறி போலவோ இரும்புத் தகடு தெரிந்தால், சுவர்களை இறுக்கிப் பிடிக்க உள்ளே ஓடும் இழுகம்பியின் முனை அது. பழைய நகரக் கட்டடங்கள் சிலவற்றில் தட்டைக் கூரையும் உண்டு. அதை இங்கே அர்கமாஸ் என்பார்கள்: மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பி, தட்டித் தட்டி இறுகச் செய்வது. இந்தியக் கைவினைஞர்களோடு வந்த முறை அது; சென்னையில் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வதன் நெருங்கிய உறவு. அப்படி ஒரு கூரையைக் கண்டால் கூடுதலாகப் பத்து நிமிடம் நில்லுங்கள்.

தெற்கே நடந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல் கட்டடத்தில் இயங்கும் அஞ்சல் அருங்காட்சியகமும், அதைத் தாண்டி 1996-இல் திறக்கப்பட்ட கோதான் கடைவீதியும் வரும். கோதானில் பழையதும் புதியதும் கலந்து நிற்பதால், எது உண்மையான கல், எது ஒட்டிய கல் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. மூலையில் ஒரு கல்லின் இரு பக்கங்களும் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டிய பலகைக் கல்லில் மூலையில் ஒரு கோடு விழும். வாசல் வளைவின் நடுக்கல்லில் ஆண்டு செதுக்கியிருந்தாலும் உடனே நம்ப வேண்டாம். இடித்த கட்டடத்தின் கல்லை வேறொன்றில் வைத்துக் கட்டுவது இங்கே சகஜம். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன்.

சரக்கு ஏறி இறங்கும் பகுதிக்குத் துறைமுக ஆணையத்தின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2003-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய நிதியச் சட்டப்படி, பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியின்றி மாற்றுவதோ சேதப்படுத்துவதோ குற்றம்; ஆப்ரவாசி காட்டைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் புதிதாகக் கட்டுவதற்கும் தனி விதிகள் உண்டு. கிடங்கைப் படித்தபின் அதில் வேலை பார்த்த ஆட்களைத் தேட விரும்பினால், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகள் இருக்கின்றன. குடும்பத்தில் முதலில் வந்தவரின் பெயரும் அவருக்குக் கொடுத்த குடியேற்ற எண்ணும் தெரிந்தால் வேலை எளிது. பெயரைப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால், முருகனைத் தேடும்போது மூருகன், மொருகென், மூரூகம் என்று எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.